பாதுகாப்புப் பணி: திருவலம்

விடிகாலை நாலரைக்கு வண்டி எடுத்தோம்.
நாலாயிரத்து ஐநூறு லிட்டர் தண்ணீர்
வேகத்தடைதோறும் முதுகுக்குப் பின்னால் புரண்டு படுத்தது.
ஓட்டியது கபூர், மேல்விஷாரத்துக்காரன்.
"அவங்க தீ வளர்க்கிறதுக்கு நாம காவல், தணிகாசலம்,
சம்பளத்தோட" என்றான், பாலத்தில் கியர் மாற்றியபடி.
கீழே பொன்னையாறு, மணல் போய் எலும்பாய்.

மடத்துப் பந்தல் முழுக்கத் தென்னங்கீற்று.
பார்த்ததும் வயிறு கலங்கியது.
குண்டத்துக்கு மேலே மட்டும் தகரம் அடித்திருந்தார்கள்,
போன வருடம் நான் எழுதிக் கொடுத்தபடி.
அளந்தேன். கீற்றுக்கும் செங்கல்லுக்கும் ஒன்பது அடி.
நெய் டின்கள் பதினொன்றையும் வடக்கே தள்ளச் சொன்னேன்.
முகம் சுளிக்காமல் தள்ளினார்கள்.

பிறகு கோயிலுக்குள் போய் நந்தியருகே நின்றேன்.
இந்த ஊர் நந்தி சாமியைப் பார்ப்பதில்லை.
முதுகு காட்டிக்கொண்டு
காஞ்சனகிரிப் பக்கமே பார்த்திருக்கிறது.
அபிஷேகத் தண்ணீர் எடுக்கப் போனவரை
மலையில் எவனோ மறித்தானாம்.
அன்று திரும்பிய முகம் இன்னும் திரும்பவில்லை.
கும்பிடவும் நேரமில்லாமல்
தண்ணீர் வரும் வழியைக் காத்துக் கிடப்பவன்.
எங்கள் துறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பதினொரு கலசம், பதினொரு பேர், ருத்ரம் பதினொரு முறை.
நெய் விழும்போதெல்லாம் தீ
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நிமிர்ந்தது.
பத்தொன்பது வருடம் நான் அதைப் பார்த்ததெல்லாம்
குழாயின் இந்த முனையிலிருந்து.
இங்கே அதற்கு ஊட்டினார்கள்:
அரசங்குச்சி, எள், பொரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
அணைப்பது என்றால்
எங்கள் துறையில் ஒரே அர்த்தம்.

வால்வைத் திருகிப் பார்த்தேன். சரியாக இருந்தது.
மறுபடி திருகினேன்.
குடியாத்தம் வந்துவிடக் கூடாது என்றுதான்.
வந்தது.
சித்திரை மதியம், தீப்பெட்டிக் கம்பெனி,
மருந்துக் குச்சி உலர்த்தும் அறை.
அவளை வெளியே கொண்டுவந்தது நான்.
வாசல் வரை பதினான்கு தப்படி,
அந்தச் சொல்லுக்கு
அப்போது இன்னொரு அர்த்தம் இருந்தது.
அறிக்கையில் எழுதினேன்: அமுலு, பெண், வயது இருபத்திரண்டு.
அதற்கு மேல் அறிக்கையில் கட்டம் இல்லை.

மடத்துச் சமையல்காரர் சம்பங்கி
என் கையில் ஒரு பிடி நவதானியத்தைக் கொட்டினார்.
"யூனிபார்ம்ல இருக்கேன்" என்றேன்.
"தீ அதெல்லாம் பாக்குமா? போடுங்க சார்."
சாஸ்திரிகள் புகையில் கண் மூடியிருந்தார்.
"பேரு?"
"அமுலு."
"நட்சத்திரம்?"
இருக்கிறவர்களுக்குத்தான் இது. எனக்குத் தெரியும்.
நான் சொல்லவில்லை.
"தெரியாது."
"திருவாதிரைன்னு வெச்சுப்போம். கோத்திரம்?"
சும்மா நின்றேன்.
"சிவ கோத்திரம்" என்று அவரே முடித்தார்.
ஒரு மூச்சுக்குள்
அவளுக்கு நட்சத்திரமும் குலமும் ஆகிவிட்டன.
இரண்டும் அவனுடையவை.

விரலை விரித்தேன்.
தானியம் பட்பட்டென்று வெடித்தது.
அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்,
பின்வாங்கவில்லை.

பட்டும் கொப்பரையும் போனபோது
தீ எழுந்து தகரத்தைத் தொட்டது.
என் கை வால்வில்.
பிறகு அதுவாகவே கீழே வந்து உட்கார்ந்தது.
"தண்ணி தெளிக்கட்டுமா?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
"வேணாம் சார். தானா அடங்கும்."

அடங்க இரண்டே கால் மணி நேரம் ஆனது.
ஒரு தீ முழுதாய் முடிவதை
எதுவும் செய்யாமல் பார்த்தேன்,
முதல் முறையாக.

மாலை நிலையத்தில் பதிவேடு எழுதினேன்.
இடம்: திருவலம். பணி: பாதுகாப்பு.
அசம்பாவிதம்: ஏதுமில்லை.
தண்ணீர்ச் செலவு: இல்லை.

"நெத்தியில கரி ஒட்டியிருக்கு" என்றான் கபூர்.
தெரியும் என்றேன்.