நாலே கால் யார்

ஹைட்ரோ பில்லின் முதுகில் கணக்கு.
வீட்டோடு ஒட்டிப் பதினாறு அடி,
வேலிப் பக்கமாய்ப் பன்னிரண்டு.
ஆறங்குலம் சல்லி, ஓரங்குலம் மணல்,
அதன்மேல்தான் கல்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டைப் பாதியாக்கி
இருபத்தேழால் வகுத்தேன்.
மூன்றரைக் கன யாரும் ஒரு துளியும்.

பாலேந்திரா போனில் இருந்து தலை எடுக்காமல்
"நாலு அங்குலம் காணாதோ?" என்றான்.
காணும்,
கிச்சனர் நகரத்தில் ஜனவரி வராவிட்டால்.
இந்த மண் உறையும்போது முதுகை நிமிர்த்தும்,
மேலே யார் கால் நீட்டி இருக்கிறார்கள்
என்று பார்க்காது.

கொந்தராத்துக்காரன் பதினோராயிரம் கேட்டான்.
அவனுக்குக் கையசைத்து அனுப்பியவள் நான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
என்று பெரிதாய்ச் சொன்னவளும் நான்தான்.
அதனால்
சல்லி அமுங்கும், ஐந்திலொன்று கூட்டு
என்று எங்கோ படித்ததையும் சேர்த்து
நாலே கால் யார் என்று அடிக்கோடிட்டேன்.
இரண்டு கோடு.

பிறகு தோண்டினோம்.
மூன்று சனிக்கிழமை. களிமண்,
மண்வெட்டியைப் பிடித்தால் விடாத களிமண்.
ஐந்தரை யார்க் குழியில் இருந்து
ஏழு யார் மண் வெளியே வந்தது.
அழுத்தி வைத்திருந்தது எல்லாம்
எடுத்துப் போட்டதும் மூச்சு வாங்கி
இரு மடங்கு பேசுகிறமாதிரி.
இதை நான் கணக்கில் எழுதவில்லை.
எடுப்பது பெருக்கும், கொட்டுவது சுருங்கும்,
அவ்வளவு தெரியாமலா
பதினாலு வருடம் சம்பளப் பட்டியல் போடுகிறேன்?

லொறி ஓட்டி வந்தது ஷெரில்.
பின்பெட்டியைத் தூக்கமுன்
குழியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.
"ஓரத்துக்குச் சேர்த்தாயா?"
என்ன ஓரம்?
"கல் முடிகிற இடத்தில் சல்லி முடியக்கூடாது.
அரை அடி வெளியே போகவேணும்.
இல்லாவிட்டால் கரைக்கல் முதலில் சரியும்."
சிரிக்கவில்லை அவள். அதுதான் தாங்கவில்லை.
சல்லி இறங்கும் சத்தத்தில்
பாலேந்திராவும் ஒன்றும் சொல்லவில்லை,
அதற்கு நான் நன்றி சொல்லவும் இல்லை.

குழியின் மூன்று பக்கமும் அரை அடி வெட்டி
திரும்பவும் பில்லைத் தேடி எடுத்தேன்.
அரை யார் குறைகிறது.
அரை யாருக்கு லொறி வராது.
அரைக் கன அடிப் பைகள், கடையில் அடுக்கி இருப்பவை,
எண்ணினால் இருபத்தேழு.
எந்த எண்ணால் வகுத்தேனோ
அதே எண் முன்னால் வந்து நின்று
என்னைத் தூக்கு என்றது.

பழைய ஹொண்டாவில் மூன்று நடை.
பின்சில்லு வளைவுக்குள் முகம் புதைத்தபடி
கார் ஊர்ந்தது.
மூன்றாவது நடையில் சிவப்பு விளக்கில்
"பதினோராயிரம்" என்றான் அவன், மெதுவாக.
நான் வெளியே பார்த்தேன்.
பிறகு இருவருக்கும் ஒன்றாய்ச் சிரிப்பு வந்து
பச்சை விழுந்தும் போகாமல்
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

வாடகைத் திமிசு எந்திரம் நாள் முழுக்க அதிர்ந்தது.
இரண்டங்குலத்துக்கு ஒருதரம், தண்ணீர் தெளித்து.
ராத்திரி தேநீர்க் கோப்பை பிடித்த கையிலும்
அது நிற்கவில்லை.

இப்போது கல் பதித்தாயிற்று.
சமமாய் இருக்கிறதென்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.
சமமில்லை.
வீட்டில் இருந்து வேலிக்கு மூன்றங்குலம் இறக்கம்,
மழை எங்கள் சுவரை மறந்து போவதற்கு.
மேசையில் எலுமிச்சம்பழம் வைத்தால் உருளும்.

மண்மேடு இன்னும் வாசலோரம்.
இலவசம் என்று அட்டை எழுதி நட்டேன்,
ஒரு வாளி மட்டும் யாரோ எடுத்தார்கள்,
மற்றபடி அது அட்டையோடு புல் முளைக்கிறது.
மார்ச் வரட்டும்.
பனி இறங்கியபின் நீர்மட்டத்தைக் கல்மேல் வைத்து
குமிழி எங்கே நிற்கிறதென்று பார்க்கவேணும்.
பில்லை இன்னும் எறியவில்லை.