ராத்திரிக்கு யார்

பண்டாரவளையில் ஜன்னலைத் திறந்து
மலையைக் காட்டினார்கள்.
நாற்பது வருசம் தோட்டத்தில் செக்ரோல் எழுதியவர் இவர்,
மலையை ஏறிட்டும் பார்க்கவில்லை.
கழிவறைக் கைப்பிடியைத்தான்
இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

தியத்தலாவையில் முன்பணம் குறைவு.
படுக்கையில் விழுந்துவிட்டால் மட்டும்
நாங்களே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டுமாம்.
எங்கே என்று கேட்டேன்.
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

பிறகு படித்ததெல்லாம் முன்னால் போய்விடும்
என்றிருக்கிறார் டாக்டர்.
துரைமாரிடம் பேசிய இங்கிலீசு போகும்,
கடைத்தெருச் சிங்களம் போகும்,
நானும் போவேன்.
மிஞ்சுவது
தண்ணி, குளிருது, ஆயி எங்க.

மூன்றாவது, கொட்டகலையில்.
தகரக் கூரை. மலை தெரியாத அறை.
ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்:
ராத்திரிக்கு யார்?

நாற்காலியில் அரைத்தூக்கமாய் இருந்தவள் எழுந்தாள்.
"நாந்தாங்க. பூங்கோதை."
"எந்தத் தோட்டம்?" என்றார் இவர்.
சொன்னாள்.
கட்டில் கம்பளியைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"எந்தத் தோட்டம்?" என்றார்.
முதல் தடவை சொல்வது போலவே
சொன்னாள்.

கைப்பையில் பேனா அகப்படவில்லை.
அவளிடமே வாங்கினேன்.