பதினான்காவது வீடு

மின்மீட்டர் படிப்பது என் வேலை.
ஆயர் ஈத்தாமில் ஒரு வரிசைக்கு நாற்பது வீடு.
நடந்துகொண்டே படித்துவிடுவேன்.
பதினான்காவது கேட்டருகே
இடது கெண்டைக்கால் கல்லாகும்.
கருவியைத் தட்டுவதுபோல் நிற்பேன்,
உள்ளிருந்து ஒரு கறுப்பு நாய் பார்த்திருக்கும்.
இரண்டு நிமிடத்தில் வலி போய்விடும்,
கடன்காரன் தெருமுனை திரும்பியதுபோல.

மார்ச்சில் அது பதினொன்று.
மே மாதம் ஏழு.

நரம்பு, மூட்டு, எடையைக் குறை:
மூன்று கிளினிக்குகள்.
முப்பத்தெட்டு வயதில் ரத்தக்குழாய் அடைக்குமா
என்று சிரித்தது நாலாவது.

டாக்டர் ஹஸ்லின்டா சிரிக்கவில்லை.
பாதத்தின்மேல் இரண்டு விரல் வைத்தபடி
என் முழங்காலை மடக்கினார்.
"இப்போது இல்லை."
நீட்டினார்.
"இருக்கிறது."
என் துடிப்பு போய் வருவதை
பக்கத்து வீட்டுக்காரிபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழாய்க்குள் அடைப்பு இல்லையாம்.
அதன் சுவருக்குள் ஒரு பை,
நுங்குபோல் எதையோ நிரப்பிக்கொண்டு
உள்பக்கம் பிதுங்குகிறதாம்.
அபூர்வம், என்றார்.
இருபது வருஷத்தில் நீங்கள் இரண்டாவது.
முதல் ஆள் என்ன ஆனார் என்று
நான் கேட்கவில்லை.

குப்புறப் படுக்கவைத்தார்கள்.
முழங்காலின் பின்குழி:
இத்தனை வருஷம் என்னோடு நடந்தும்
நான் நேரில் பார்த்திராத இடம்.
வியர்வை தவிர யாரும் விசாரிக்காத இடம்.
ஏழு பேர் விளக்கடித்துப் பார்த்தார்கள்.

வழித்து எடுத்தால் போதும் என்றுதான் போனார்கள்.
சுவரே நைந்திருந்ததாம்.
அந்தத் துண்டை வெட்டிவிட்டு
கெண்டைக்காலிலிருந்து ஒரு சிரையை உருவித்
தலைகீழாகத் திருப்பித் தைத்தார்களாம்.
ஏன் தலைகீழ் என்றேன், மயக்கம் தெளியாத நாக்கோடு.
"அதற்குள் சின்னச் சின்னக் கதவுகள்.
ஒரு பக்கம்தான் திறக்கும்."
பூட்டிய கதவைப் பற்றி
எனக்கா சொல்கிறீர்கள் டாக்டர்.

இரவுத் தாதி சியூ லிங்
மணிக்கொருமுறை பேனா போன்ற ஒன்றைப் பாதத்தில் வைப்பாள்.
உஷ். உஷ். உஷ்.
தூரத்தில் யாரோ துணி அலசும் சத்தம்.
ஓகே லா கா, தூங்கு, என்று மலாயில் சொல்லிப் போவாள்.
நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.
கணக்கெடுத்துப் பழகியவள்;
ஓடுவது எதுவானாலும் குறித்துக்கொள்ளத் தோன்றும்.

நான்கு மாதம் கழித்து அதே வரிசை.
மழைக்கு முன் தையல் இழுக்கிறது.
பாதத்தின் வெளியோரம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.
பன்னிரண்டு. பதின்மூன்று.
கறுப்பு நாய் கம்பிக்கிடையே மூக்கை நீட்டி
எங்கள் இரண்டு நிமிடத்துக்குத் தயாராக இருந்தது.

எண்ணைக் குறித்துக்கொண்டு நடந்தேன்.

அது குரைத்த குரைப்பு
இருபத்திரண்டாம் வீடுவரை கேட்டது.