செல்லப்பெயர்

எங்கள் புன்யோரோவில் ஒருவரைக் கண்டால்
முதலில் கேட்பது எம்பாக்கோவை.
மொத்தம் ஒரு கைப்பிடிச் செல்லப்பெயர்கள்தான்,
அதில் ஒன்று எல்லோருக்கும் உண்டு.
என்னுடையது அத்தேன்யி.
ஆற்றடியில் கிடக்கும் பாம்பின் பெயராம்.
அதைச் சொல்லி அழைத்தவரை
வாசலில் நிறுத்திவைக்க முடியாது.

என்டெபேயில் என் மேசை.
உறைபெட்டியில், மைனஸ் எண்பதில், முட்டைகள்:
ஆல்பர்ட் ஏரி மீனவர்களின் மலத்தில் சலித்தவை,
ஒவ்வொன்றின் விலாவிலும் ஒற்றை முள்.
இவற்றை இடும் புழு
ரத்தக்குழாயில் பத்து வருடம் குடியிருக்கும்.
ஆண் தன் உடலை மடித்துத் தூளியாக்கி
பெண்ணை அதற்குள் வைத்துக்கொள்ளும்.
சுற்றிலும் இரவும் பகலும்
வெள்ளணுக்களின் ரோந்து.
ஒருவர்கூட
யார் நீ என்று கேட்பதில்லை.

ஏன் என்று கேட்டே
பதினோரு வருடம் போயிற்று எனக்கு.

விடை ஒரு சர்க்கரை.
தேநீரில் போடுகிற சர்க்கரை இல்லை.
ஐந்து மணிகள் கோத்த குட்டிச் சரம்,
ஒரு மணி மட்டும் வரிசையில் நிற்காமல்
பக்கத்தில் கிளைத்திருக்கும்.
அந்த மாதம் என் மகளுக்கு ஐந்து மாதம்.
சென்ட்ரிஃப்யூஜ் இரைகிற அறையில்
கதவைத் தாழிட்டுப் பால் பீய்ச்சுவேன்.
ஒருநாள், ஏதோ ஒரு துணிச்சலில்,
அதில் ஒரு துளியையும் கருவிக்குள் அனுப்பினேன்.
திரையில் இரண்டு கோடுகள்,
முட்டையினுடையது, என்னுடையது.
ஒரே இடத்தில் எழுந்து
ஒரே இடத்தில் இறங்கின.

அப்போது புரிந்தது.
புழு எங்கள் எம்பாக்கோவைக்
கற்று வைத்திருக்கிறது.
காவல்காரனின் காதோரம் சென்று
அவன் அம்மா அழைப்பதுபோல் அழைக்கிறது.
அவன் கையிலிருந்த கம்பு தாழ்கிறது.

அந்தச் சரத்தை மட்டும் தனியே செய்து
குடல் புண்ணான எலிகளுக்குக் கொடுத்தோம்.
ஒன்பதாம் நாள் ரத்தம் நின்றது.
நாற்பத்தொன்றாம் எண் எலி
முதுகை நிமிர்த்தித் தீனி தின்றது.
கூண்டுகளைக் கழுவும் ச்செயூனே
ஈரக்கையோடு கைதட்டினான்.
தன் உடம்பே தன்னை அடிக்கிற நோய்க்கெல்லாம்
மருந்து வரலாம் என்று எழுதினேன்.
வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன.
கனிவான கடிதங்கள்.

பிறகு கரைக்குப் போனோம், மாத்திரை கொடுக்க.
உயரம் அளக்கும் கோல் ஒன்று,
அதில் எடைக்குப் பதிலாக மாத்திரைக் கணக்கு.
வரிசையில் கெருனேகா.
கணவன் படகில் வைத்து
வாளி நிறைய ரத்தம் கக்கிச் செத்தவன்.
வழி தவறிய முட்டைகள்
அவன் ஈரலில் போய்த் தங்கி
அதைக் கல்லாக்கியிருந்தன.
அதே முட்டைகள். அதே சரம்.
என் பெட்டியில் இருப்பதில்
அவனுடையதும் இருக்கலாம்.
குப்பியில் எண்தான் உண்டு.

நான் செய்வதை விளக்கச் சொன்னாள். விளக்கினேன்.
கருவாட்டுக் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
“இனிப்பு அவர்களுக்குப் போகட்டும்.
கசப்பை எங்களுக்குத் தா.
ஆனால் வருடா வருடம் தா.
போன வருடம் நீங்கள் வரவில்லை.”

போன வருடம் நிதி வரவில்லை.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் மகனைக் கோலோடு நிறுத்தினோம்:
இரண்டரை.
முகத்தைச் சுளித்து விழுங்கினான்,
நாக்கை நீட்டிக் காட்டினான்,
சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு
நேரே தண்ணீருக்கு ஓடினான்.
நாணல் ஓரம், நத்தைகள் மொய்க்கும் இடம்.
வெயில் ஏறுகிற நேரம்.
கவைவால் குஞ்சுகள்
ஆயிரக்கணக்கில் நத்தையைவிட்டு வெளியேறுகிற நேரம்.

அவன் பெயரைப் பதிவேட்டில் எழுதியவள் நான்.
நினைவுக்கு வரவில்லை.
வாயில் வந்ததையெல்லாம் கூவினேன்:
அப்பூலி! அமோத்தி! அராலி!

அலூர் வீட்டுப் பிள்ளை.
அவர்களுக்கு எம்பாக்கோ இல்லை.
இடுப்பளவு நீரில் நின்றான்,
திரும்பவே இல்லை.