லெமினேட் இரண்டு வெள்ளி

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
நகல் இருபது காசு, லெமினேட் இரண்டு வெள்ளி.
காலையில் முதல் ஆளாக நூர் காசிம்.
செம்பனைக் குலை தூக்கித் தூக்கி
ரேகை தேய்ந்த விரல்களில்
மழை குடித்து ஓரம் பிரிந்த ஐ.நா. அட்டை.
மேலே இன்னொரு தோல் போட முடியுமா என்று
மலாயில் கேட்கிறான்.

பெஞ்சில் இருவர், கட்டிவந்த தேத்தண்ணியோடு.
"இந்த நாடு அதுல கையெழுத்தே போடலை" என்கிறார்
ஓய்வுபெற்ற கார்ப்பரல் அமிர்தநாதன்.
"சட்டம்னா பின்னால லோக்காப் இருக்கணும்.
இது சிபாரிசுக் கடுதாசி."

மாடி வக்கீலின் கிராணி தயாளன் விடமாட்டான்:
"ராத்திரி சிவப்பு விளக்குல
குலை லோரி நிக்காமப் போகுது.
அதுக்காக விளக்கே இல்லைம்பீங்களா?"

"தாண்டினவனுக்குச் சம்மன் வரும்ல.
ஊர்மேல குண்டு போடறவனுக்கு
எந்த ஸ்டேஷன்லேர்ந்து வரும்?"

தயாளன் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு என்றதும் எனக்கு வேறு நினைப்பு:
ஜெராம் பாடாங் தோட்டத்தில் பிறந்த அம்மா
சாகும்வரை வைத்திருந்த சிவப்பு அடையாள அட்டை.
அது அசல் சட்டம்.
முத்திரை, கையெழுத்து, பின்னால் லோக்காப்,
எல்லாம் இருந்தது.
அம்மாவுக்குத்தான் நாடு இல்லை.

இயந்திரம் சூடேறக் காத்திருக்கையில்
யாரும் கேட்காமலே கார்ப்பரல் சொன்னார்:
"ரொம்பின் சடக்குல ஒரு ரோட்பிளாக்.
டார்ச் அடிச்சுப் பாத்தேன், இதே அட்டை.
மோட்டார்ல பின்னாடி பொண்டாட்டி, மடியில பிள்ளை.
சட்டமில்லைனு தெரியும். போன்னுட்டேன்."

"ஏன்?"

"கை வரலை."

தயாளன் முகம் மலர்வதற்குள்
"அடுத்த வாரம் வேறொருத்தன், இதே அட்டைதான்,
அம்பது வெள்ளி வாங்கினேன்" என்றார்
தேத்தண்ணிப் பையின் முடிச்சைப் பார்த்தபடி.

நூர் காசிமுக்குத் தமிழ் தெரியாது.
அவன் கண் இயந்திரத்தின் வாயில்.
அட்டை ஊர்ந்து வந்தது, வெதுவெதுப்பாக.
காலாவதித் தேதி போன மாதம்.
சரியாக அதன்மேல் ஒரு காற்றுக் குமிழி.
துணி வைத்துத் தேய்த்தேன்,
போகவில்லை.

சட்டைப் பையில் போட்டுப் பித்தான் மாட்டி
வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்தான்.
இரண்டு வெள்ளியை எடுத்து வைத்தான்.
பிறகு, தயங்கி, ரசீது வேண்டும் என்றான்.

எதற்கென்று கேட்கவில்லை.
முழுப் பெயர் கேட்டு எழுதினேன்,
தேதி போட்டேன்,
கடை முத்திரையை மையில் நன்றாக அழுத்திக்
குத்திக் கொடுத்தேன்.