மற்ற ஆள்

"மற்ற ஆள் எங்க?" என்றார் துவான் ஜவ்பர்.
வரவில்லை என்றேன்.
வருவாரா என்று கேட்கவில்லை; நல்ல மனிதர்.
தனி ஆளை ஏற்றினால் அன்னம் ஒரு பக்கம் சாயும்,
வட்டம்தான் போடும், நேரே போகாது என்றார்.
பிறகு ஒரு நீலக் கேனை வாவிக்குள் அமிழ்த்தி
குமிழி அடங்கும்வரை பிடித்திருந்து
தூக்கி என் பக்கத்து இருக்கையில் வைத்தார்.
"இருபது லீட்டர். கதைக்காது. சண்டை பிடிக்காது."
டிக்கட்டை மட்டும் இரண்டு பேருக்குக் கிழித்தார்.

பன்னிரண்டு ஐம்பது.
கந்தோர்ச் சப்பாத்தோடு மிதிக்கிறேன்.
பாலையும் நீரையும் பிரிக்கத் தெரிந்ததாம் அன்னம்.
இது பைபரில் வார்த்தது. கழுத்தில் வெடிப்பு,
ஒரு கண்ணுக்குப் பெயின்ட் இல்லை.
பயறு அவித்த தண்ணீர் போலப் பச்சை பிடித்த இந்த வாவியில்
எதை எதிலிருந்து பிரிக்கும், பாவம்.

தேக்கச் சொன்னவன் கடல் தாண்டி வந்தவன்.
மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.
கோட்டைக்குக் காவலாய் நின்ற நீர் இது,
அடிமைகள் நீந்தித் தப்பாதிருக்க
முதலை விட்டிருந்தார்களாம்.
ஏறுகிற எல்லோருக்கும் ஜவ்பர் சொல்லும் கதை,
நான் மூன்றாம் தடவை கேட்கிறேன்.
இப்போது கிடப்பது ஒரு கபரகொய்யா.
கோயில் மரப்பாலத்தின் கீழே
நாக்கை நீட்டி வெயிலைத் தடவிப் பார்க்கிறது,
ஐயாயிரம் ரூபாய்த் தாளைச் சந்தேகிக்கும் கடைக்காரனைப் போல.

கரையில் குடைகள்.
ஒவ்வொரு குடைக்குப் பின்னாலும் நான்கு கால்கள்.
யாரோ பாண் துண்டு எறிய
ஜப்பான் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
தண்ணீரே வாய் திறந்ததுபோல் இருக்கிறது.
கடல், எட்டி நடந்தால் பதினைந்து நிமிடம்.
அதன் காற்று மட்டும் கட்டிடங்களுக்கு இடையால் வந்து
வாவியின் முகத்தைச் சுருக்கிவிட்டுப் போகிறது.

நடுவில் என் பக்கமே இழுத்தது.
இருபது கிலோவுக்கும் எனக்கும்
முப்பத்தொன்பது கிலோ வித்தியாசம்.
கணக்குப் பிரிவில் வேலை, இதெல்லாம் தானாக வரும்.
கோபுரம், பாலம், குடைகள், எங்கள் கந்தோர்,
மறுபடி கோபுரம்,
மறுபடி பதினோராம் மாடி ஜன்னல்.

அப்போதுதான் தலைக்கு மேல் நிழல்.
தொம்மென்று கேன் இருந்த பக்கம்
அன்னத்தின் வாலில் வந்து குந்தியது
ஒரு கூழைக்கடா.
மீன் வாடை. மஞ்சள் கண்.
தாடைப் பைக்குள் இன்னும் உயிர் போகாத ஏதோ ஒன்று
உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தது.
அது என்னைப் பார்க்கவேயில்லை.
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எப்படியோ, அப்படி.

மிதித்தேன்.
நேரே போனது.

பன்னிரண்டு மிதிப்பு, எண்ணினேன்:
நான், கேன், கூழைக்கடா, பொய் அன்னம்.
மூச்சை இழுத்தால் பாரம் மாறிவிடுமோ என்று
பாதி மூச்சில் இருந்தேன்.
தீவு மரத்தில் நீர்க்காகங்கள்
கறுப்புச் சிறகுகளைக் காயப்போட்டபடி
இதையெல்லாம் கண்டதாய்க் காட்டிக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாவதில் எழுந்து போய்விட்டது.
கேனின் தோளில் வெள்ளையாய் எச்சம்.
படகு பழையபடி என் பக்கம் சாய
மீதி நேரம் முழுக்கச் சுற்றினேன்,
திட்டாமல்.

கரையில் ஜவ்பர் கேனைக் கவிழ்த்தார்.
வாவி திரும்ப வாவிக்குள் போக
ஒரு கணம்கூட எடுக்கவில்லை.
பையில் இரண்டு மீன் பணிஸ் இருந்தது.
ஒன்றை அவரிடம் நீட்டினேன்.
யாருக்கு வாங்கியதென்று கேட்காமல்
பாதி கடித்து, "உறைப்புக் காணாது" என்றார்.

இரண்டு மணிக் கூட்டத்தில்
மேசைக்குக் கீழே
என் கால்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன.