லிட்டருக்கு ஆறு ரூபாய் மிச்சம்

பெட்ரோல் போடத்தான் கிளம்பினேன்.
கடலூரில் எல்லோரும் செய்வதுதான்.
ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை தாண்டி
கன்னியக்கோயில் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு
திரும்பிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி.
வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு நின்றேன்.
லாரி. பஸ்.
ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டியபடி ஒரு கல்யாண வேன்.
மறுபடி லாரி.
சாலை விடவேயில்லை.
டிக் டிக்கென்று அந்த மஞ்சள் விளக்கு
என் சார்பாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது.
அதை அணைத்துவிட்டு
இடப்பக்கம் திரும்பினேன்.
நடந்தது இவ்வளவுதான்.

அரியாங்குப்பம் பாலத்தில் திரும்பலாம் என்றிருந்தேன்.
மரக்காணத்தில் உப்பு குவித்திருந்தார்கள்,
அதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன்.
பிறகு பெயர்ப்பலகைகளின் எழுத்து வட்ட வட்டமாயிற்று.
சூளூர்ப்பேட்டையில் இரண்டு சுடிதாரும்
ஒரு டூத் பிரஷும் வாங்கினேன்.

சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பேன்,
தானே புயலுக்குப் பிறகு தெருவில் எல்லோருக்கும் கொடுத்தது.
ஒரு முனை ஹேண்டில்பாரில்,
மறுமுனை எந்த மரத்திலாவது.
தடா தாண்டிச் சவுக்கு.
கர்நூல் பக்கம் மரமே இல்லை, ஒரு மைல்கல்.
குடகில் பலா, கணுக்காலில் அட்டை.
காப்பி பறிக்கிற ஒருத்தி பீடியைப் பற்றவைத்துத் தந்தாள்,
சுட்டு எடு என்று.
எடுத்தபின் மிச்சத்தை
இருவரும் மாற்றி மாற்றி இழுத்தோம்.

ஏனாமும் புதுச்சேரிதானாம். மாஹேயும்.
அத்தனை தூரம் ஓட்டிப்போனால்
அங்கேயும் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்
பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.
ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன்.
அங்கிருந்தும் யாராவது
திரும்ப வழி கிடைக்காமல் நேரே போயிருப்பார்களா?

எங்கும் ஒரே கேள்வி.
ஒக்கரேனா என்றார்கள்.
ஒப்பரேனா.
ஒற்றைக்கோ.
கேரளத்துக்குள் இறங்குவதற்குள்
'ஒ' கேட்டதுமே தலையாட்டப் பழகியிருந்தேன்.

பிலோமினா தினமும் ராத்திரி ஒன்பதுக்கு அழைப்பாள்.
ஐஸ் கம்பெனி ரிஜிஸ்தரில் எனக்குக் காய்ச்சல் எழுதியிருக்கிறாள்.
மூன்றாம் நாள் அதை டைபாய்டு ஆக்கினாள்.
எங்க இருக்க என்பாள்.
ஊர்ப்பெயர் சொன்னால் போதாது,
படுத்திருக்கும் இடத்தில் என்ன சத்தம் என்று
போனை வெளியே நீட்டச் சொல்வாள்.
தவளை. சரக்கு ரயில். ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
அதிகநேரம் கேட்டாள்.

பத்தாம் நாள் பெண்ணையாற்றுப் பாலம்.
வீட்டுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர்.
குண்டுஉப்பலவாடியில் வண்டி இடப்பக்கம் திரும்பிற்று.
நான்தான் திருப்பினேன், சரி.
தாழங்குடா மணலில் தார்ப்பாய்,
கரையேற்றிய ஒரு ஃபைபர் படகின் மூக்கில் மறுமுனை.
தெற்கே துறைமுகத்து வெளிச்சங்கள்.
அதில் எது எங்கள் ஐஸ் கம்பெனி என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது
டார்ச்.

"பேரு?"
அஞ்சலாட்சி.
"ஒண்டியாவா?"
நம் ஊரிலும் 'ஒ'வில்தான் தொடங்குகிறது.
"எந்த ஊரு?"
ஒன்பது நாளாக யோசிக்காமல் சொன்ன பதில்
இங்கே வாயில் நின்றது.
இதே ஊருதான் சார்.

கான்ஸ்டபிளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
நம்பர் பிளேட்டில் வெளிச்சம் அடித்தார்:
டிஎன் 31, மேலே நாலு மாநிலத்து மண்.
"இதே ஊருன்னா ஏம்மா இங்க படுத்திருக்க?"

நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன்.
பெட்ரோல் போட வந்தேன் சார்.

கடலைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"ரெண்டு மணிக்குத் தண்ணி ஏறும்.
வண்டிய மேல தள்ளிடலாம், பிடிங்க."

பின்சக்கரம் மணலில் புதைந்தது.
தொப்பியைக் கழற்றி சீட்டின் மேல் வைத்துவிட்டுத்
தோள் கொடுத்தார்.
தள்ளத் தள்ள உள்ளே பெட்ரோல் தளும்பியது.
மாலையில்தான், கன்னியக்கோயிலில்,
முழு டேங்க்.